விசிறியும் காலதரும்

காற்றுக்குத் தமிழிலே ‘கால்’ என்று ஒரு பெயர் உண்டு. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர். நம் முன்னோர் யன்னலுக்கு இட்ட பெயர் இது. யன்னல் என்ற சொல்லோ போர்த்துக்கீசர் விட்டுச் சென்றது. அவர்கள் 1658 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போயினர். அவர்கள் சொல் நம் சுவரில் இன்னும் இருக்கின்றது.

காலதர் என்ற பெயரைச் சற்றே ஊன்றி நோக்குக. வெளியே வேடிக்கை பார்த்தல் வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. வெளிச்சம் வருதல் வேண்டும் என்பதுகூட இல்லை. காற்று வருதல் வேண்டும், அதற்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவே. சிலப்பதிகாரம் பூம்புகாரின் மாளிகைகளைச் சொல்லுமிடத்து அவற்றின் காலதர்களுக்கு மானின் கண்ணை ஒப்பிடுகின்றது. ஆங்கிலர் ‘விண்டோ’ என்கின்றார்களே, அதுவும் பழைய நோர்ஸ் மொழியிலே ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் ஒரு சொல்லின் வழியாக வந்ததேயாம். பனியில் உறைந்த வடதேசத்தானும் வெயிலில் வாடிய தென்றமிழனும் ஒருவரை ஒருவர் காணாமலே, காற்றையும் கண்ணையும் ஒருங்கு சேர்த்து எண்ணியிருக்கின்றனர்.

இனி விசிறிக்கு வருவோம். இலக்கணம் படிக்கும் மாணவர்க்கு விசிறி பழைய நண்பன். விசிறி ‘சிவிறி’ என்றும் வரும். எழுத்துக்கள் இடம் மாறியும் பொருள் மாறாமைக்கு அதனை உதாரணங் காட்டுவது எங்கள் வழக்கம். எழுத்து இடம் மாறினால் விசிறிக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டிலே விசிறி இடம் மாறி நின்றால் மட்டும் பெருங்குறை உண்டாகின்றது. அதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

சித்திரை பிறந்தால் வீடு தோறும் வெக்கை பற்றிய பேச்சு. ஏப்ரல் மாதம் 5 ஆம் நாள் தொடக்கம் 15 ஆம் நாள் வரையிற் சூரியன் இலங்கையின் தென்முனையிலிருந்து வடமுனை வரை ஒவ்வோர் ஊராக உச்சங் கொடுத்துக்கொண்டு வருகின்றான். யாழ்ப்பாணத்துக்கு வருடப்பிறப்பை ஒட்டி அவன் உச்சிக்கு வருகின்றான். ஆவணியில் அவன் தெற்கே திரும்பும்போது இன்னொரு முறையும் அதே உச்சியில் நிற்கின்றான். அப்படியாயின் சித்திரையைப் போலவே ஆவணியும் நம்மை வாட்டுதல் வேண்டுமல்லவா? ஆவணி வெயிலும் சுடும். ஆனால் சித்திரைப் புழுக்கம் அதில் இல்லை. காரணம் காற்று. சித்திரையிலே வாடை ஓய்ந்துவிடுகின்றது. சோளகம் இன்னும் எழவில்லை. இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட மாதம் அது. மர உச்சியில் இலை அசையாது. ஆவணியிலோ சோளகம் வீசிக்கொண்டிருக்கின்றது. ஒரே சூரியன், ஒரே உச்சி, ஒரே ஊர். காற்று உண்டு, காற்று இல்லை என்பதே முதன்மையான வேறுபாடு. சோளகம் வராத நாள்களில் அதன் தொழிலைச் சிறிதளவு செய்யும்படி நாம் வைத்துக்கொண்ட வேலையாளே விசிறி.

அந்த வேலையாளிடம் நாம் அவன் செய்யமாட்டாத வேலையை எதிர்பார்க்கின்றோம். விசிறி அறையைக் குளிர்விக்கும் என்பது பலருடைய எண்ணம். அது பிழை. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை மாணவர்க்கு ஒரு முறை செய்து காட்டினார். இரண்டு வெப்பமானிகளை எடுத்தார். ஒன்றின் குமிழை அப்படியே விட்டார். மற்றதன் குமிழில் நனைந்த துணியைச் சுற்றினார். இரண்டையும் விசிறியின் முன் தூக்கினார். உலர்ந்த வெப்பமானி அசையவில்லை. நனைந்தது இறங்கிக்கொண்டே போயிற்று. “பண்டிதர் ஐயா, இந்த ஈரத்துணிதான் மனிசன்” என்றார். நான் கற்ற உவமைகளுள் அது நன்கு வைக்கத்தக்கது.

உண்மை அவ்வளவே. நம் தோலின் மேல் வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகின்றது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். காற்று அசையாதாயின் தோலை ஒட்டிய காற்றுப் படலம் ஈரத்தால் நிறைந்துவிடும். வியர்வை ஆவியாகாமல் வழியும். வழிகின்ற வியர்வையால் உடைதான் நனையும், உடம்பு குளிராது. விசிறி அந்த ஈரப்படலத்தைத் துரத்துகின்றது. மற்றும், தோலின் வெப்பநிலை சுமார் 33 பாகை முதல் 35 பாகை வரை. காற்று அதனினும் தணிந்ததாயின், தோலிலிருந்து நேரேயும் வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. இரண்டும் ஆளுக்கு நிகழ்பவை. அறைக்கு நிகழ்பவை அல்ல. ஆள் இல்லாத அறையிலே சுழலும் விசிறி, தான் உண்ணும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக அறைக்கே கொடுக்கின்றது. கூடத்துக்கு வரப்போகும் விருந்தினருக்காக முன்கூட்டியே விசிறியைச் சுழலவிட்டு வைப்போர் உண்டு. அவர்கள் உபசாரத்தைச் சூடாக்கி வைக்கின்றார்கள்.

இவ்வுண்மை பழந்தமிழர்க்குத் தெரியாததன்று. மோசிகீரனார் என்னும் புலவர் களைத்து வந்து, முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதன்மேற் படுத்து உறங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறுவது தண்டத்துக்குரிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அதனைக் கண்டான். வாளை எடுக்காமற் கவரியை எடுத்து, அவர் விழிக்குமளவும் வீசிக்கொண்டு நின்றான். புறநானூற்றின் 50 ஆம் பாட்டு அவர் விழித்தபின் பாடியது. தமிழ் அறிந்தவருக்கு அரசன் செய்த சிறப்பு என்று அதனை நாம் பாராட்டுவோம். பண்டிதர்களாகிய நாம் சற்று அதிகமாகவே பாராட்டுவோம். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறு. அரசன் மண்டபத்துக்கு வீசவில்லை. உறங்குகின்ற மேனிக்கு வீசினான். இன்னொன்று: தனக்குத் தானே வீசுகின்றவன் தன் கையுழைப்பால் தன் உடம்பைச் சிறிது சூடாக்கியும் கொள்கின்றான். பிறர் வீசக் கிடப்பதே முழுக் குளிர்ச்சி. மோசிகீரனார் பெற்றது அது.

விசிறிக்கு உக்கம் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆண்டாள் நாச்சியார் திருப்பாவையிலே கண்ணாடியோடு சேர்த்துக் கேட்பது அந்த உக்கத்தையே. கோயிற் பூசையிலே கண்ணாடி, குடை, சாமரம், விசிறி, ஆலவட்டம் என்று உபசாரங்கள் நிகழும்போதும் விசிறிக்கு ஓர் இடம் இருக்கின்றது. அண்மைக் காலத்திலே நடிகர்களிடத்திற் பித்துக்கொண்டோரையும் ‘விசிறி’ என்று எழுதத் தொடங்கியிருக்கின்றார்கள். ஆங்கிலத்தில் அச்சொல் வெறியர் என்னும் பொருளுள்ள வேறொரு சொல்லின் குறுக்கம். அதனைப் பனையோலை விசிறியாக்கியது மொழிபெயர்ப்பின் அருமை. போகட்டும்.

காலதரும் விசிறியும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. இதற்கு நக்கீரரின் நெடுநல்வாடையே சான்று. அது மழைக்கும் வாடைக்கும் உரிய பாட்டு. கூதிர்க்காலத்தில் ஒரு பெரிய நகரின் வீடுகள் எவ்வாறு இருந்தன என்று சொல்லிக்கொண்டு வருகின்றார் புலவர். கைவல்ல கம்மியன் அழகுபெறச் செய்த செந்நிற வட்ட விசிறி சுருக்கப்பட்டு, முளையிலே தூங்குகின்றது. அதிற் சிலந்தி நூல் கட்டியிருக்கின்றது. அதனை அடுத்து, வேனிற்காலத்துப் படுக்கையறையைப் பற்றிச் சொல்கின்றார். தென்றற் காற்றைத் தருகின்ற அதன் சாளரக் கதவுகள் இப்போது இறுகத் தாழிடப்பட்டுள்ளன. வேனிலுக்கு என்று தனியே ஒரு பள்ளியறை. அதிலே தென்காற்று வரும் திசைக்கு நேரே வாய் திறந்த காலதர். அங்கே ஒரு விசிறி. கோடையில் இரண்டும் வேலை செய்யும்; குளிரில் இரண்டும் ஓய்வெடுக்கும். ஒன்றைச் சொன்ன புலவர் மற்றதை உடனே சொன்னது தற்செயலன்று என்பது என் கருத்து.

இப்போது நாம் செய்வது யாது? காலதரை அடைத்துவிட்டு விசிறியைச் சுழற்றுகின்றோம்.

என் பெரிய தாயார் எண்பது வயதைக் கடந்தவர். பிள்ளைகள் யாவரும் கடல் கடந்தவர்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்து, அந்த நிலத்திலே கொங்கிறீற்றுத் தட்டு இட்ட வீடொன்றைத் தாய்க்கு அன்போடு கட்டிக் கொடுத்திருக்கின்றனர். அறைக்கு ஒரு மின்விசிறி. ஒரு சித்திரை மாதத்து மாலையில் நான் போனபோது அவர் விறாந்தையிலே, தூணிற் சாய்ந்தபடி ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

“உள்ளுக்கை ஃபான் இருக்கெல்லோ, பெரியம்மா?” என்றேன்.

“இருக்குத் தம்பி. போட்டால் அடுப்பை ஊதினமாதிரிக் கிடக்கு. பெடியள் காசு அனுப்பிப் பூட்டினது. கரண்ட் காசும் அவங்கள்தான் கட்டுறாங்கள். காத்தை அனுப்பத்தான் வழியில்லை” என்றார்.

உள்ளே சென்று பார்த்தேன். தென்புறத்து யன்னல்கள் கண்ணாடிக் கதவுகள். கள்வர் பயத்தால் அவை திறக்கப்படுவதில்லை. யன்னலுக்கு மேலே சுவரிற் காற்றுத் துவாரம் இல்லை. என்றாவது குளிரூட்டி பூட்டினால் குளிர் வெளியே போய்விடும் என்று மேசனிடம் சொல்லி அடைப்பித்திருக்கின்றனர். குளிரூட்டி வரவில்லை, துவாரம் மட்டும் போயிற்று. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கொங்கிறீற்றுத் தட்டு, இரவு நெடுநேரம் வரை அதனைக் கீழ்நோக்கி உமிழ்ந்துகொண்டிருக்கும். தட்டை ஒட்டிய காற்றுத்தான் அறையில் மிகச் சூடான காற்று. மேல்விசிறி அதனை எடுத்துக் கிழவியின் தலைமேல் இறைக்கின்றது. அடுப்பை ஊதினமாதிரி என்று அவர் சொன்னது அலங்காரம் அன்று, தன்மை நவிற்சி.

ஊரிலே இத்தகைய வீடுகளில் தனியே இருக்கும் முதியவர்களை நான் பலராகக் காண்கின்றேன். பகலில் வெக்கை, இரவில் கதவடைத்த வெக்கை. முதுமையில் வியர்வை குறையும், தாகமும் மந்தமாகும், உடல் கொதிப்பதை உடலே அறிவிக்காமல் விட்டுவிடும். வெப்பத்தால் உயிருக்கே ஆபத்து நேர்வது இளையோரினும் இவர்களுக்குத்தான் அதிகம். இதனால்தான் விசிறி பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவது பண்டிதனுக்கு அடாத காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவே வானம் பார்த்த முற்றம். நான்கு புறமும் தாழ்வாரம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போகும். தாழ்வாரத்து நிழலில் ஆறிய காற்று அறைக்குள் வரும். ஓட்டுக்கூரையோ ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே மூச்சு விடும். வேலிக்கு ஓரமாக ஒரு வேம்பு நிற்கும். அவ்வீட்டிலே மின்விசிறி இல்லாதிருந்தும் குறை பெரிதாகத் தெரியவில்லை. நாற்சார் வீட்டைத் திரும்பக் கட்டுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நிலமும் இல்லை, மரமும் இல்லை, பணமும் இல்லை. அந்த வீடு அறிந்திருந்த ஒன்றைச் சீமெந்து வீட்டுக்குக் கற்பிக்கலாம்.

பெரிய தாயாரின் வீட்டில் நாங்கள் செய்தது இது. அடைத்த துவாரங்களை மேசன் திறந்து, நுளம்பு புகாத வலை இட்டான். தென்புறத்து யன்னல் ஒன்றுக்கு உட்புறம் வலிய இரும்புக் கம்பி பூட்டி, கண்ணாடிக் கதவை இரவிலும் திறந்து வைக்கலாம் என்றாக்கினோம். பின்பு ஒரு நிலைவிசிறியை வாங்கி, வடபுறத்து யன்னலுக்கு இரண்டு மூன்று அடி உள்ளே, முகம் வெளியே பார்க்கும்படி வைத்தோம்.

“உது என்னடா தம்பி, விசிறியை ஊருக்கு வீச விடுறியோ?” என்று பெரிய தாயார் கேட்டார்.

ஊருக்குத்தான். பொழுதுபட்டு வெளிக்காற்று உள்காற்றினும் ஆறிய பின்பு, வீட்டின் சூட்டை வெளியே தள்ளுவதே விசிறியின் முதல் வேலை. ஒரு புறத்தால் காற்று வெளியே போனால், மறுபுறத்தால் வெளிக்காற்று தானே உள்ளே வரும். விசிறியை யன்னலோடு ஒட்டி வையாது சற்று உள்ளே தள்ளி வைத்தால், அதன் வீச்சு அயலிலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். திசையைக் கவனித்தல் வேண்டும். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே விசிறி வடகிழக்கு நோக்கித் தள்ளுதல் வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று மல்லுக்கட்டும் விசிறியால் ஒன்றும் ஆகாது. காற்றில்லாத சித்திரையில் எந்தப் புறம் நிழலோ அந்தப் புறத்தால் உள்ளே வரவிட்டு, வெயில் காய்ந்த புறத்தால் வெளியே தள்ளலாம். சமையலறை வெக்கையை வீட்டுக்குள் இழுக்காதபடி அதன் கதவைச் சாத்திக்கொள்க.

ஒரு மணி நேரம் இவ்வாறு தள்ளியபின் விசிறியைத் திருப்பித் தம்மேல் வீச வைத்துக்கொண்டு உறங்கலாம்.

பகலில் இந்த முறை மாறும். முற்பகல் 10 மணி தொடக்கம் பிற்பகல் 4 மணி வரை வெளிக்காற்று உள்காற்றினும் சூடாக இருக்கும். அப்போது வெயில் படும் யன்னலுக்குத் திரையோ கிடுகுத் தட்டியோ இட்டு, நிழற்புறத்தை மட்டும் திறந்து, விசிறியை ஆளுக்கு நேரே வைக்க வேண்டும். அறை நடுவே விசிறியும் மூலையிலே கட்டிலும் இருக்கும் வீடுகளைக் காண்கின்றேன். மேல்விசிறியின் வீச்சு அதன் சுழல்வட்டத்துக்குக் கீழேதான் மிகுதி. கட்டிலைத் தள்ளிப் போட ஒரு காசும் செலவில்லை. இறக்கைகள் தட்டிலிருந்து ஓர் அடியாவது தாழ்ந்தும், நிலத்திலிருந்து 7 அடிக்கு மேற்பட்டும் இருத்தல் வேண்டும். தட்டோடு ஒட்டிக் கிடக்கும் விசிறிக்கு இழுப்பதற்குக் காற்றே இல்லை. விசிறி நாளடைவிற் தளர்ந்து சுழலுமாயின், பெரும்பாலும் அதன் கப்பாசிற்றர் சோர்ந்திருக்கும். அது சிறு செலவு. புது விசிறி வாங்குமுன் அதனைப் பார்ப்பித்தல் நலம்.

நுளம்புவலை இன்றியமையாதது. ஆயினும் வலை காற்றைப் பெரிதும் மறிக்கும். மேல்விசிறியின் வீச்சு வலையின் கூரையிற் பட்டுச் சோர்ந்துவிடும். கட்டில் மட்டத்திலே, வலைக்கு அருகில், பக்கவாட்டில் வைத்த மேசைவிசிறி நன்று. யன்னல் வலையில் தூசி படிந்தால் காற்றின் பாதி வழி அடைபட்டதாகும். மாதம் ஒருமுறை கழுவுக. நுளம்பு பறப்பதில் வலிமை குன்றியது. விசிறியின் நேர் வீச்சில் அதற்கு இறங்க இயலாது. டெங்கு பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது என்பதனால், பகலில் உறங்கும் முதியவர்க்கும் குழந்தைக்கும் இந்த வீச்சு இரட்டை உதவி.

தட்டின் சூட்டுக்குச் சுண்ணாம்பு மருந்து. வெண்ணிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆண்டுதோறும் பங்குனியிலே தட்டின் மேல் வெள்ளை அடித்தல் வேண்டும். அல்லது தட்டின் மேல் சிறு பந்தல் கட்டிக் கிடுகு வேய்ந்துவிடலாம்; பார்வைக்கு அழகன்று என்று வெளிநாட்டிலிருந்து படம் பார்க்கும் பிள்ளைகள் சொல்லக்கூடும். படத்தில் வெக்கை தெரிவதில்லை.

விசிறியின் முன் பனிக்கட்டிப் பாத்திரம் வைக்கும் ஒரு வித்தையும் பரவியிருக்கின்றது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி நீராவதற்கு 80,000 கலோரி வெப்பம் வேண்டும். பெரிய தொகை போலத் தோன்றும். அதே வெப்பத்தை ஏறக்குறைய 140 கிராம் வியர்வை எடுத்துவிடும்; அஃது ஒரு தேநீர்க் கோப்பையளவு. பனிக்கட்டியை உண்டாக்கிய குளிர்சாதனப் பெட்டியோ, எடுத்த வெப்பத்தையும் தன் உழைப்பின் வெப்பத்தையும் சமையலறையிலேயே விட்டிருக்கின்றது. இந்த வித்தைக்கு மாற்றாக ஓர் ஈரத்துணி போதும். முகம், கழுத்து, கை, கால் என்று ஈரத்துணியால் ஒற்றிவிட்டு விசிறியின் முன் இருப்பின், உடல் தராத வியர்வையை நாமே தந்தவர்களாவோம். வியர்வை குறைந்த முதியவர்க்கு இதனினும் எளிய உபாயம் வேறு அறியேன். வடஇந்தியாவிலே வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாசலிலே தொங்கவிடுவர். அங்கே கோடைக்காற்று வறண்டது. ஈரத்தை வாங்கிக் குளிரும். நம் குடாநாடு கடல் சூழ்ந்தது. காற்று முன்னமே ஈரம் உண்டு நிறைந்திருக்கின்றது. இங்கே நனைத்த தட்டி மணக்கும். குளிர்ச்சியை அதிகம் தராது. தட்டியை நனைப்பதினும் மேனியை நனைப்பதே நம் ஊருக்குப் பொருந்தும்.

விசிறிக்கு ஓர் எல்லையும் உண்டு. வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்கு மேற்படுமாயின் மின்விசிறி உடலைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. அவ்வளவு வெயில் நம் கரையோரத்தில் அரிது. ஆனால் கொங்கிறீற்றுத் தட்டின் கீழே கதவடைத்த அறையின் வெப்பம் வானிலை நிலையத்தின் கணக்கில் அடங்குவதன்று. அத்தகைய அறையை விட்டு மரநிழலுக்கு வருதலே முறை. விசிறி வியர்வையை விரைந்து உலர்த்துவதால் வியர்க்கவில்லை என்ற மயக்கமும் உண்டாகும். உடல் நீரை இழந்துகொண்டேயிருக்கும். ஆகவே விசிறியின் பக்கத்திலே மோரோ, பழஞ்சோற்றுத் தண்ணீரோ, வெறும் நீரோ ஒரு செம்பு இருத்தல் வேண்டும். முதியவர் ஒருவருக்கு உடல் நெருப்பாய்க் காய்ந்து பேச்சுத் தடுமாறுமாயின், அது களைப்பு அன்று. நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

செலவையும் சிறிது சொல்லிவிடுகின்றேன். வழக்கமான மேல்விசிறி 75 உவாற்று அளவில் உண்ணும். நாளுக்கு 10 மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு 22 அலகுக்கு மேல். தூரிகை இல்லாத மோட்டர் பூட்டிய புதுவகை விசிறிகள் 30 உவாற்று அளவில் அதே காற்றைத் தருவன. மாதம் 9 அலகு. நம் மின்கட்டணம் அலகு ஏற ஏற விலையும் ஏறும் படிக்கட்டு. ஒரு படி கீழே நிற்பது சிறு விடயம் அன்று. பழைய பெட்டி வடிவக் கட்டுப்படுத்திகள் வேகத்தைக் குறைத்தபோதும் மின்சாரத்தை வெப்பமாக்கிச் சுவரிலே செலவிடும். தொட்டுப் பார்த்தால் தெரியும். மாற்றிவிடுவது மேல்.

மின்சாரம் என்றேன். அஃது என்றும் இருப்பதன்று என்பதை நம் தலைமுறை அறியும். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் கீழே ஒரு கையாற் புத்தகத்தையும் மறுகையால் ஓலை விசிறியையும் பிடித்துக்கொண்டு நாங்கள் படித்தோம். நன்னூற் சூத்திரங்கள் சில எனக்கு இன்றும் விசிறியின் தாளத்தோடேயே நினைவுக்கு வருகின்றன. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, பரணிற் கிடந்த ஓலை விசிறிகள் மறுபடியும் கீழிறங்கின. பெரிய தாயார் போன்றோர் அதனைப் பரணில் ஏற்றியதே இல்லை.

ஓலை விசிறிக்கும் முறை உண்டு. மிக முற்றிய ஓலை உடையும்; இளஞ்சார்வு வளையும். இடைப்பட்ட ஓலையை மட்டையோடு வெட்டி, நிழலில் உலர்த்தி, பாரம் வைத்துப் படியவிட்டு, வட்டமாகக் கத்தரித்து, விளிம்பிலே துணி வைத்துத் தைத்தல் வேண்டும். மட்டையே காம்பு. வேகமாக வீசுதல் வீண். மணிக்கட்டை மட்டும் அசைத்து, முகத்துக்கு அண்மையில், நீளமாகவும் மெதுவாகவும் வீசினால் கை சலியாது. ஓலையின் மேல் சிறிது நீர் தெளித்துக்கொள்க. படுத்திருப்பவருக்கு வீசுவதாயின் கால்மாட்டில் இருந்து தலைமாட்டுக்கு வீசுக. எதிரே நின்று முகத்தில் அடிக்க வேண்டா. பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்து நிற்கும் விடுமுறை நாள்களில் அவர்களுக்கு இதனைப் பழக்கலாம். இரும்பொறை செய்த வேலைதானே. அதிற் குறைவு ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கியதும் நிலைவிசிறிக்கு ஓய்வு. அதன் கூட்டைக் கழற்றி, இறக்கைகளிற் படிந்த தூசியைச் சவர்க்கார நீராற் கழுவித் துடைத்து, அச்சுக்கு இரண்டு துளி எண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துண்டு ஒன்றாற் சுற்றி வைக்க வேண்டும். ஓலை விசிறியை முளையிலே தூக்கிவிடலாம். தைக்குள் அதிலே சிலந்தி நூல் கட்டியிருக்கும். நக்கீரர் காலத்திலும் அது அப்படியே செய்தது.